தோற்க வைத்த நான்கு எழுத்துகள்: ஹாம் தேர்வு அனுபவம்

ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, உரிமத் தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது. இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். ஓம் விதியையும் டெசிபல் கணக்கையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்குப் பயிற்சி போதும். முதல் முறை என்னைக் கவிழ்த்தது அலைப்பரவல் பகுதி. அதுவும் படிக்காததால் அல்ல, தப்பாகப் படித்ததால்.

உரிமம் இல்லாததாலும், சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டார அடுக்குமாடி வீட்டில் ஆன்டெனா கட்ட வழியில்லாததாலும், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரின் ஒலியை இணையம் வழியே பெற்று, அதை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளுக்குள் செலுத்தி, அது பிரித்தெடுக்கும் எஃப்டி8 என்ற எண்ணியல் முறை அழைப்புகளைக் கிரிட்டிராக்கர் செயலியின் உலக வரைபடத்தில் பார்த்துப் படித்தேன். எண்ணம் நல்லதுதான். ஆனால், 'என் கிரிட்' (உலக வரைபடத்தைப் பிரிக்கும் கட்டங்களில் நம் கட்டத்தைக் குறிக்கும் நான்கு எழுத்துக் குறியீடு) என்ற இடத்தில் சிங்கப்பூரின் ஓஜே11-ஐப் பெருமையுடன் இட்டிருந்தேன். ஒரு மாலை 6 மணிக்கு, இங்கே வெயில் இன்னும் மறையாத நேரத்தில், 7 மெகாஹெர்ட்ஸில் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சிங்கப்பூருக்குக் கோடுகள் பாய்ந்தன. தொலைவு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் என்றது திரை. பகலில் வானத்தின் அயனி மண்டலத்திலுள்ள டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும் என்று புத்தகம் சொன்னதைவிட என் கண்ணையே நம்பி, தேர்விலும் அந்தத் தைரியத்தில் விடையைக் குறித்தேன்.

உண்மையில் அந்த ரிசீவர் கேட்டுக்கொண்டிருந்தது சில நூறு கிலோமீட்டருக்குள் இருந்த அண்டை நாட்டாரை. தோற்ற பிறகு கட்டத்தை ஜேஓ32 என்று மாற்றியதும், கோடுகள் சுருங்கி நெதர்லாந்தைச் சுற்றி முள்ளம்பன்றி முட்களைப்போல் நின்றன. நமக்கு விடியற்காலை 5 மணி, அங்கே இருட்டிவிட்ட நேரம். அதே கோடுகள் அட்லாண்டிக்கைத் தாண்டின. பகலில் அலைகளை விழுங்கி இரவில் விட்டுவிடும் டி அடுக்கு எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆகவே:

- ரிசீவர் இருக்கும் கட்டத்தையே இடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கட்டத்தை அல்ல. மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.
- முதலில் தீர்க்கரேகை, பிறகே அட்சரேகை. எழுத்துகள் இடம் மாறி ஜேஓ11 ஆனால் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் இருப்பீர்கள்.
- ஆர்ஆர்73 என்பது விடைபெறும் செய்தி. கட்டமாகக் கொண்டால் அது ஆர்க்டிக் கடலில் விழும்.
- பதிவேட்டு நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்; நம் நேரத்துக்கு 8 மணி கூட்டுங்கள்.

கட்டத்தை ஒருமுறையாவது கையால் கணக்கிடுங்கள் என்பது என் பிடிவாதம். செயலியே சொல்லுமே என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். கிழக்கு 103.8 பாகையுடன் 180-ஐக் கூட்டினால் 283.8, 20-ஆல் வகுத்தால் ஈவு 14, ஏ-யைச் சுழியமாக எண்ணினால் அது ஓ. மீதி 3.8-ஐ 2-ஆல் வகுத்தால் ஈவு 1. அட்சரேகைக்கு 90-ஐக் கூட்டி 10-ஆல் வகுக்க, ஜே வரும். மீதியின் முழுப்பாகை 1. இப்படிக் கணக்கிட்டபோதுதான் 104 பாகையில் ஓஜே21 தொடங்குவதும், சிங்கப்பூரின் பூலாவ் தெக்கோங் தீவு அந்தக் கட்டத்தில் விழுவதும் தெரிந்தன. தாத்தாவின் திருச்சி எம்கே90. பாட்டியின் மதுரையோ 10 பாகைக் கோட்டுக்குச் சற்றே தெற்கே இருப்பதால் எம்ஜே99.