தாராசுரம்: அடித்தளத்தில் அறுபத்து மூவர்

கும்பகோணத்திலிருந்து மேற்கே 4 கி.மீ. தூரம்தான். ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இசைப் படிகளைத் தேடுவார்கள் (இப்போது கம்பிக் கூண்டுக்குள் இருக்கின்றன, தட்டிப் பார்க்க முடியாது), தேர்ச் சக்கரத்தோடு படம் எடுப்பார்கள், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். கோயிலின் உயிர் இருப்பது வேறு இடத்தில். கருவறையைச் சுற்றி, சுவருக்குக் கீழே அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) ஓடும் சிறு சிற்பங்களில் நாயன்மார்களின் வாழ்க்கை இருக்கிறது. விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி வலம் வந்தால் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இது. அப்போது சேக்கிழார் பெரியபுராணம் பாடி அதிக காலம் ஆகவில்லை. பாட்டில் நூற்றுக்கணக்கான வரிகளாக விரியும் கதைக்குச் சிற்பிக்குக் கிடைத்தது ஒரு முழத்துக்கும் குறைந்த கல். எந்தக் கணத்தைச் செதுக்குவது என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். அவிநாசிக் கதையைப் பாருங்கள். சுந்தரர் பதிகம் பாட, முதலை தான் என்றோ விழுங்கிய பாலகனைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. சிற்பி எடுத்துக்கொண்டது பிள்ளை முதலையின் வாயிலிருந்து வெளிவரும் அந்த ஒரு நொடி. அவன் விழுங்கப்பட்ட வயதில் திரும்பவில்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்கிறது பெரியபுராணம். இழந்த காலமும் சேர்ந்தே மீண்டுவிட்டது! கண்ணப்பர் கதையிலும் அப்படித்தான், மிருகத்தைக் கொன்று பழகிய அம்பு கடைசியில் தன் கண்ணுக்கே திரும்புகிறது. தொழில் மாறவில்லை, கைப்பழக்கம் மாறவில்லை. அம்பின் திசை மட்டும் மாறியது.

பார்ப்பதற்கும் பக்குவம் உண்டு. தெற்குப் பக்கத்துக்குப் புரட்டாசி முதல் பங்குனி வரை காலை வெயில் நல்லது. சாய்ந்து விழுவதால் புடைப்பு தெளிவாகத் தெரியும். மேற்குப் பக்கத்துக்குப் பிற்பகல். வடக்குப் பக்கத்துக்குச் சித்திரை முதல் ஆவணி வரை தவிர மற்ற மாதங்களில் நேர் வெயில் அரிது. அங்கே செல்போன் விளக்கை நேராக அடித்தால் நிழல் விழாமல் எல்லாம் தட்டையாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடியுங்கள். கல்லில் உள்ள எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பு, மாவு பூசுவதும், எண்ணெய்க் கையால் தடவுவதும் கூடவே கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டிக் கன்னங்கரேலென்று ஆகி, நுணுக்கம் அடைந்துபோகும்.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 4 மணிவாக்கில்தான் திறக்கும். சாமி தரிசனம் வேண்டுமென்றால் காலையில் முதலில் உள்ளே போய்விட்டு வந்து சிற்பம் பாருங்கள். உச்சி வெயிலில் கல்தரை காலைச் சுட்டுவிடும், காலுறை உதவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளமான பிராகாரத்தில் தண்ணீர் தேங்கக்கூடும். அந்த நாட்களில் அதிட்டானத்தை நெருங்குவது கடினம்.

தெய்வநாயகி அம்மனுக்கு வடக்கே தனிக்கோயில். அதை விட்டுவிட வேண்டாம். இங்கிருந்து போன கங்காளமூர்த்தி (சிவனின் ஒரு வடிவம்) சிற்பத் தொகுதி தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.