சில்டர்ஸின் பாலி அகராதியோடு

மார்ச் 3
சில்டர்ஸை, அதாவது அவருடைய பாலி-ஆங்கில அகராதியை, மறுபடி எடுத்தாயிற்று. பாலி, பழைய பௌத்த நூல்களின் மொழி. இந்த முறை 'நிப்பானம்' (நிர்வாணம்) வரையாவது போய்விட வேண்டும்.

மார்ச் 4
'பலம்' ஒன்றிலேயே காலை போயிற்று. தமிழ் எழுத்தில் கனியும் பலம்தான், வலிமையும் பலம்தான். பாலியில் வேறு வேறு: கனிக்கு மூச்சொலி சேர்ந்த வல்லின 'ப', வலிமைக்கு அதிர்ந்து ஒலிக்கும் 'ப'. சில்டர்ஸோ ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியவர். கனியை 'பி' (பேனாவின் பி) பகுதியில், இரண்டாம் எழுத்து ஹெச் என்று தேட வேண்டும். வலிமை முன்னாலேயே, 'புத்த'வின் பகுதியில் முடிந்துவிடும். குறில் நெடிலுக்குத் தனி இடம் கிடையாது. பெயர்ச்சொல் எல்லாம் எழுவாய் வடிவில் நிற்கும்: 'தம்ம' இல்லை, 'தம்மோ'. இதெல்லாம் தெரியாமல் புரட்டினால் சொல்லே இல்லை என்று மூடிவைத்துவிடுவோம்.

மார்ச் 5
மருந்து மாறியது. ஒன்றும் படிக்கவில்லை.

மார்ச் 7
சில்டர்ஸின் வாழ்க்கை: 1860இல் இலங்கை சிவில் சர்வீஸ். ஆளுநரின் அந்தரங்கச் செயலர், பிறகு கண்டியில் உதவி அரசாங்க அதிபர். 1864இல் உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். நாலே வருடம்! பெந்தோட்டையில் யாத்ராமுல்லே தேரர் என்ற பிக்குவிடம் பாலி பாடம் கேட்டது அதற்குள்தான். 1873இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பாலிப் பேராசிரியர். 1876 ஜூலை 25இல் காசநோய் கொண்டுபோயிற்று. வயது 38. அகராதியின் இரண்டாம் தொகுதி வெளிவந்தது 1875இல். ஒரே ஒரு வருடம் தாமதித்திருந்தால்?

மார்ச் 8
சில்டர்ஸின் அகராதிக்கு அடித்தளம் 'அபிதானப்பதீபிகை'. 12ஆம் நூற்றாண்டில் மொக்கல்லானர் அமரகோசம் என்ற சமஸ்கிருத நிகண்டைப் பார்த்துச் செய்த பாலி நிகண்டு. 1865இல் சுபூதி தேரர் கொழும்பில் பதிப்பித்தார். நிகண்டு மனப்பாடத்துக்கானது, செய்யுள் தெரியாதவனுக்கு உள்ளே வழி இல்லை. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் நமக்குச் செய்த வேலையை, செய்யுளை உடைத்துச் சொல்லை அடுக்கும் வேலையை, சில்டர்ஸ் பாலிக்குச் செய்தார். பிறகு நூல்களிலிருந்து மேற்கோள்களைச் சேர்த்துக்கொண்டே போனார். மேற்கோள் இல்லாமல் நிகண்டுச் செய்யுள் எண் மட்டும் நிற்கும் சொல்லை நான் அப்படியே நம்புவதில்லை. நிகண்டு இணைச்சொல்லைத் தரும், வழக்கைத் தராது.

மார்ச் 9
1882இல் அதே காலேஜில் பாலிப் பேராசிரியர் ரைஸ் டேவிட்ஸ். அவரும் இலங்கை சிவில் சர்வீஸ். அவருக்கும் ஆசிரியர் யாத்ராமுல்லே. அந்தத் தேரரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 11
வந்துவிட்டேன். 'நிப்பானம்', முதல் தொகுதியின் கடைசிப் பக்கங்களில். இது அகராதிப் பதிவே இல்லை, ஒரு கட்டுரை. உயிரோடிருக்கும் அரகந்தரிடம் (விடுதலை அடைந்தவரிடம்) ஆசைகள் அற்ற நிலை ஒன்று. அவர் இறந்தபின் எதுவும் எஞ்சாத நிலை இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால்தான் குழப்பம் என்கிறார். இரண்டாவதை முழு இன்மை என்றே கொள்கிறார். இரண்டாகப் பிரித்தது சரி. இன்மை என்று முடித்ததைத்தான் இன்று ஏற்க முடியவில்லை.

மார்ச் 12
நிகண்டில் நிப்பானத்தின் மறுபெயர்கள்: மோக்கோ, நிரோதோ, தீபோ... தீபோ! பாலியில் விளக்கும் தீவும் அதே சொல். நிப்பானம் என்றாலே அணைதல். அணைவதற்கு விளக்கு என்றா பெயர் வைப்பார்கள்? தீவுதான். வெள்ளத்தில் கால் ஊன்ற ஓர் இடம்.

மார்ச் 14
நாளை பரிசோதனை. அதே வரிசையில் 'லேணம்', புகலிடம். இலங்கையின் பழைய பிராமிக் குகைக் கல்வெட்டுகளில் வரும் 'லேணே' இதுதான். பிக்குகளுக்குத் தானமாகக் கொடுத்த குகை. அடுத்து 'பரம்' பார்க்க வேண்டும்.