பஞ்சி

2001இல் கல்யாணமாகி யாழ்ப்பாணத்தில் இருந்து ட்ரொம்சோவுக்கு வந்தேன். நோர்வேயின் வடக்கு. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேல் வராது. சுற்றிவர மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ ஜனவரி 21 ஆகிவிடும். மதியத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளிறும்.

"விடிஞ்சிட்டுதே பிள்ளை?" என்று அம்மா போனில் கேட்பார். "தைக்குத்தான் விடியும் அம்மா" என்பேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் அது பகிடிதான்.

மூன்றாவது குளிர்காலத்தில் பத்து, பதினொரு மணித்தியாலம் நித்திரை கொள்ளத் தொடங்கினேன். எழும்பினால் நித்திரை கொண்ட உடம்பாகவே இருக்காது. இரவில் குசினியில் நின்றபடியே பாணுக்கு பட்டர் பூசி, மேலே சீனி தூவி நாலு துண்டு, ஐந்து துண்டு சாப்பிடுவேன். தோய்த்த உடுப்பு மெஷினுக்குள்ளேயே கிடந்து மணக்கும். திரும்பவும் தோய்ப்பேன், திரும்பவும் எடுக்க மாட்டேன். ஒருமுறை ஒரே துவாய்களை மூன்று நாள் தோய்த்தேன். அழுகை வந்திருந்தால் ஏதோ மனவருத்தம் என்று விளங்கியிருக்கும். எனக்கு ஒன்றுமே வரவில்லை. அதனால் நாங்கள் ஊரில் சோம்பலுக்குச் சொல்லும் சொல்லையே எனக்கும் வைத்துக்கொண்டேன்: பஞ்சி. "உனக்குச் சரியான பஞ்சி" என்று கணவரும் சொல்வார், கோபமில்லாமல்தான். ஏப்ரலில் தானாகப் போய்விடுகிற ஒன்றை எந்த வைத்தியரிடம் கொண்டுபோவது?

2011 ஜனவரியில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் உடுப்பு மாற்றும் அறையில், ஒரு காலில் சப்பாத்தோடு இருபது நிமிடம் இருந்துவிட்டேன். மற்றச் சப்பாத்து கையில். சக வேலைக்காரி ஒருத்திதான் வைத்தியரிடம் போகச் சொன்னாள். முதலில் பார்த்தவர் இருட்டுக் காலத்தில் எல்லாருக்கும் களைப்புத்தான், மீனெண்ணெய் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். அடுத்த வைத்தியர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த மாதம் தொடங்கும், எந்த மாதம் போகும், எத்தனை வருடமாக?" ஐப்பசி, சித்திரை, எட்டு வருடம். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர். 1984இல் நோர்மன் ரோசென்தால் என்ற மனநல வைத்தியரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் இதை விவரித்து எழுதினார்கள். அவர் தென்னாபிரிக்காவில் பிறந்து, வடக்கே வந்த பிறகு தன் உடம்பிலேயே இந்த மாற்றத்தைக் கண்டவர். அதை வாசித்தபோது ஒரு சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

வைத்தியர் விளக்கு சிகிச்சை சொன்னார். அதற்கு முன், நித்திரையே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு திரிந்த காலம் எப்போதாவது உண்டா, கண்ணில் வருத்தம் ஏதும் உண்டா என்று விசாரித்தார். இருமுனை மனநோய் உள்ளவர்களை இந்த விளக்கு மறுபக்கம் தள்ளிவிடலாமாம். 10,000 லக்ஸ் விளக்கு வாங்கினேன். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. வீட்டு மின்குமிழ் சில நூறு லக்ஸ்தான் தரும். வாங்கிய வருடம் வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு அதன் முன்னால் இருந்தேன். நேரம் கிடைப்பது அப்போதுதானே? விடிய இரண்டு மணி வரை கண் மூடவில்லை. பணம் போச்சு என்று விளக்கைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். அது காலையில் வேலை செய்கிற சாமான் என்று பிறகுதான் விளங்கியது. காலை வெளிச்சம் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் முன்னுக்கு நகரும். இப்போது எழும்பியதும் அரை மணித்தியாலம், ஒரு முழத்துக்குள், தேத்தண்ணியோடு. விளக்கை நேரே பார்ப்பதில்லை, பேப்பர் வாசிப்பேன். ஆரம்பத்தில் தலையிடித்தது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள், மெஷின் நின்றதும் போய் உடுப்பை எடுத்து விரித்தேன். விரித்து முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

விளக்கோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு குளிர்காலம் மாத்திரையும் எடுத்தேன், நினைத்த நேரம் நிறுத்தாமல் வைத்தியர் சொன்னபடி குறைத்து. ஒரு உளவியலாளரிடம் சில மாதம் போனேன். மனம் வந்தால் வெளியே போவேன் என்று காத்திருந்தால் மனம் வராது, முதலில் கால் போகட்டும் என்றார். அதனால் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவோடு மதியம் நடப்பேன், பனியில் வழுக்காமலிருக்க சப்பாத்தில் ஆணி மாட்டிக்கொண்டு. "வாறியோ?" என்று கேட்கமாட்டார், கீழே நின்று மணியடிப்பார்.

ஊரில் எல்லாரும் சொல்லும் யோசனை: "ஒருக்கா இங்க வந்திட்டுப் போ." ஒரு மார்கழிக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் மழை, ஆனாலும் எனக்கு அது வெளிச்சம்தான். ஜனவரி தொடக்கத்தில் திரும்பியபோது பிற்பகல் மூன்று மணிக்கு இருட்டுக்குள் இறங்கினேன். அந்த வருடம் மற்ற வருடங்களை விட மோசம். இனிப் போவதென்றால் மாசியில்தான்.

2016 கோடை நல்ல கோடை. நள்ளிரவிலும் வெயில், நான் கறுப்புத் திரை கூடப் போடவில்லை. சுகம் வந்துவிட்டது என்று விளக்கை எடுக்கவே இல்லை. இங்கே இலையுதிர் காலத்தில் பகல் ஒரு நாளைக்குப் பத்து நிமிடமளவில் குறையும். ஒரு வாரத்தில் ஒரு மணித்தியாலம் போய்விடும், தெரியாது. நவம்பரில் திரும்பவும் பாணும் சீனியும். அதிலிருந்து செப்டெம்பர் முதல் வாரமே விளக்கைத் துடைத்து மேசையில் வைத்துவிடுவேன்.

சூரியன் திரும்பும் நாளில் இங்கே எல்லாரும் உருண்டையான இனிப்புப் பணிஸ் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் பாடசாலையில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். முன்பு அந்த நாளோடு நானும் விளக்கை மூடிவைத்துவிடுவேன், மாசியில் விழுந்துவிடுவேன். சூரியன் வந்தது மலைக்கு மேல் சில நிமிடம்தான், அது உடம்புக்குக் காணாது. இப்போது அந்தப் பணிஸையும் விளக்குக்கு முன்னால் இருந்துதான் சாப்பிடுகிறேன். பேப்பரெல்லாம் சீனி.