தோடி காந்தாரமும் நாலு சிந்த்தும்

போன ஆடியில் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு அம்மன் கோயில் திருவிழா. எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி, நான் கீபோர்டு. சரணம் முடிகிற இடத்தில் ஒரு நீளமான ஸ்ட்ரிங்ஸ் பேடை (பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலி) இரண்டு கையாலும் பிடித்து, பெடலையும் மிதித்தபடி இருக்கிறேன். திடீரென்று ஸ்பீக்கரில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று சத்தம். மைக் செட்காரர் ஓடிவந்து வயரை ஆட்டிப் பார்த்தார். வயரில் ஒன்றுமில்லை, என் லேப்டாப்தான் திணறிக்கொண்டிருந்தது. பாடிக்கொண்டிருந்த அக்கா ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையோடு அல்சூர் வீட்டுக்கு வந்தபோது இரவு ஒன்றரை மணி. இனி எந்த சிந்த்தையும் (லேப்டாப்பில் ஓடி ஒலியை உருவாக்கும் மென்பொருள்) வீட்டில் சோதிக்காமல் மேடைக்குக் கொண்டுபோவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம், ஆபீஸ் முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் இதே வேலை. எடுத்துக்கொண்டது நான்கு: வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்செட், டைவா. முதல் மூன்றும் பணம் கொடுக்காமலே கிடைக்கும். டைவா மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அதற்கு டெமோ இருக்கிறது. லேப்டாப் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட், 8 ஜிபி ராம். என்னைப் போன்ற மேடைக் கீபோர்டிஸ்ட் நிறையப் பேரிடம் இந்த மாதிரி ஒன்றுதான் இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது, எல்லா ப்ரீசெட்டிலும் (தயாராக வைத்திருக்கும் ஒலிகள்) ரிவெர்ப், டிலே, கோரஸ் என்ற மெருகூட்டல்கள் மூன்றையும் அணைத்தது. அதன் பிறகுதான் சிந்த்தின் சொந்தக் குரல் கேட்கும். இரண்டாவது, நான்கின் வால்யூமையும் மீட்டர் பார்த்துச் சமமாக்கினேன். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் காதுக்கு நல்லதாகத் தோன்றும். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் நாம் வால்யூமைத்தான் ஒப்பிடுகிறோம்.

அடுத்தது உயர ஸ்வரங்கள். 88 கட்டைக் கீபோர்டின் கடைசி 'சி' 4186 ஹெர்ட்ஸ். ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கும் சாம்பிள் ரேட்டில் அதிகபட்சம் 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் இடம். அந்த 'சி'யை ஒரு சா (ரம்பப் பல் வடிவ) அலையில் வாசித்தால் ஐந்து ஹார்மோனிக் (அந்த 4186-இன் மடங்குகள்) அதற்குள் அடங்கும். ஆறாவதிலிருந்து கவனமில்லாமல் எழுதிய சிந்த்தில் மடங்கிக் கீழே விழும். ஒன்பதாவது 37,674-க்குப் போக வேண்டியது, 6,426-ல் வந்து நிற்கும். அது எந்த சுருதியிலும் சேராத ஒலி. இதைப் பிடிக்க வழி எளிது. உயரத்தில் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு பெண்ட் வீலை (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம்) மெதுவாக மேலே தள்ளுங்கள். ஸ்வரம் ஏறும்போது பின்னால் மெல்லிசாக ஒரு ஊளை கீழே இறங்கினால் அதுதான் அலியாசிங். பழைய இலவச சிந்த் ஒன்று கைவசம் இருந்தது, அதில் இந்த ஊளை தெளிவாகக் கேட்டது. வைட்டல், சர்ஜ், டைவா மூன்றின் சாதாரண சா அலையிலும் என் ஹெட்போனில் கேட்கவில்லை.

டெக்செட் வேறு ஜாதி. யமஹாவின் 1983-ம் வருட டிஎக்ஸ்7 கீபோர்டு அப்படியே கம்ப்யூட்டருக்குள் வந்ததுபோல: ஆறு ஆபரேட்டர் (அலை உருவாக்கிகள்), அவற்றை இணைக்க 32 அல்காரிதம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த, ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டும் எஃப்எம் முறை. எண்பதுகளின் பாட்டு வாசிக்கும்போது கண்ணாடி மணி மாதிரியான எலக்ட்ரிக் பியானோவைக் கூட்டம் எதிர்பார்க்கும், அதற்கு இதுதான். இதில் 'மாடர்ன்' என்று ஒரு எஞ்சின், 'மார்க் 1' என்று ஒன்று. பழைய பெட்டியின் சொரசொரப்பு மார்க் 1-ல்தான் இருக்கிறது. நான் அதைத்தான் வைக்கிறேன். லேப்டாப்புக்கும் சுமையே தெரியாது.

சுமை என்றால் டைவா. அனலாக் சர்க்யூட்டின் ஒவ்வொரு பாகத்தையும் கணக்குப் போட்டுச் செய்வதால் அதன் ஃபில்டர் (ஒலியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது) திறக்கும்போது வருகிற அந்த ஈரப்பதம் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கான விலையைப் ப்ராசசர் கொடுக்க வேண்டும். டிராஃப்ட், ஃபாஸ்ட், கிரேட், டிவைன் என்று நான்கு தரம் வைத்திருக்கிறார்கள். டிவைனில் என் லேப்டாப் நான்கு விரல் கார்டுக்கே மூச்சு வாங்கியது. ரிலீஸ் நீளமான பேட் என்றால், கையை எடுத்த பிறகும் பழைய நோட்டுகள் உள்ளே உயிரோடு இருக்கும், அவற்றுக்கும் கணக்குப் போட்டாக வேண்டும். வைட்டலில் யூனிசனை (ஒரே நோட்டை எத்தனை குரலாக அடுக்குவது) ஏழாக வைத்து எட்டு நோட்டு பிடித்தால் ஒரு ஆசிலேட்டருக்கே (அலை உருவாக்கும் பகுதி) 56 குரல். ஸ்ரீராமபுரத்தில் நடந்ததும் இதுதான். பெடலை விடாமல் நான் கார்டு மாற்றிக்கொண்டே போனேன். பஃபரையும் (லேப்டாப் ஒரு தடவைக்குத் தயாரிக்கும் ஒலித்துண்டின் அளவு) 64-ல் வைத்திருந்தேன், லேட்டன்சி, அதாவது கட்டையை அழுத்தியதிலிருந்து சத்தம் வரும் வரையான தாமதம், குறையும் என்று.

64 சாம்பிள் என்றால் ஒன்றரை மில்லி செகண்ட். 256 என்றால் 5.8. வித்தியாசம் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் எடுக்கிறது. மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் என் காலடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அதற்கே ஆறு போய்விடுகிறது. இப்போது 256 வைத்துத்தான் வாசிக்கிறேன், கை எதையும் உணரவில்லை. 512-ல் வேகமான பிட்டு வாசித்தால் மட்டும் விரல் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகிறது.

இதெல்லாம் மீட்டர் பார்த்துச் சொல்லக்கூடியது. எனக்கு உண்மையாகவே பதில் வேண்டியிருந்த கேள்வி கமகம், ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. எங்கள் குழுவில் பக்திப் பாட்டுகள் நிறைய, லீட் (தனியாக முன்னால் கேட்கும் மெட்டு) பிட்டு எல்லாம் ராகத்தில் வரும். தோடியை எடுத்துக்கொண்டேன். சாதாரண காந்தாரத்துக்குக் கீழே சுத்த ரிஷபம் சரியாக இரண்டு செமிடோன் (ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஒரு செமிடோன்), மேலே சுத்த மத்தியமம் சரியாக இரண்டு. பெண்ட் வீலின் வழக்கமான அளவும் கூட்டியும் குறைத்தும் இரண்டுதான். காந்தாரத்தை அழுத்திக்கொண்டு வீலை ஆட்டினால் போதும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தார். சின்ன வயதில் பதினோரு வருஷம் வீணை கற்றவர். ஹெட்போனை மாட்டிவிட்டு, எது எந்த சிந்த் என்று சொல்லாமல் அதே பிடியை வாசித்துக் காட்டினேன். முதலாவதற்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏண்டி, காந்தாரத்துல வந்து வந்து நிக்கிற? தோடில அது நிக்கிற ஸ்வரமே இல்ல."

ஸ்ப்ரிங் வீல். கையைக் கொஞ்சம் தளர்த்தினால் நடுவுக்கு ஓடிவிடும், நடுவில் இருப்பது காந்தாரம். பிறகு ரிஷபக் கட்டையை அழுத்தி, பெண்டை மேல்பக்கம் மட்டும் நான்கு செமிடோனாக வைத்தேன். இப்போது வீல் விழுவது ரிஷபத்தில், தள்ளினால் மத்தியமம். காந்தாரம் நடுவில் கடந்துபோகிற இடம் மட்டும்தான். சர்ஜில் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி அளவு வைக்கலாம், மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) லெகாடோவும் (ஸ்வரங்களை இணைத்து வாசிப்பது) வைத்துக்கொண்டேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது தேவலை. முதல்ல போட்டதுல படி படியா ஏறிச்சு. இது வழுக்கிண்டு போறது."

படிபடியாக ஏறியது சிந்த்தின் குறை இல்லை. மிடியில் (கீபோர்டு கம்ப்யூட்டரோடு பேசும் முறை) பெண்டுக்கு 16,384 படி உண்டு. மிடி மானிட்டரில் பார்த்தால் என் சின்னக் கீபோர்டு அனுப்புவதே 128. மேல்பாதிக்கு 64 படிதான், நான்கு செமிடோனைப் பிரித்தால் ஒரு படிக்கு ஆறு சென்ட்டுக்கு (செமிடோனில் நூறில் ஒரு பங்கு) மேல். ஃபில்டரைத் திறந்த பிரகாசமான லீடில் அந்தப் படி காதில் உரசும். சர்ஜ் அதை வழவழப்பாக்கித் தந்தது.

மேடைக்கு இப்போது எடுத்துப்போவது இப்படி. லீடுக்கு சர்ஜ். மணி, பியானோவுக்கு டெக்செட். பேடுக்கு டைவாவை டிவைனில் ஓட்டி, ஒவ்வொரு மூன்றாவது கட்டையையும் பத்து செகண்ட் ரெக்கார்ட் செய்து, அந்தப் பதிவையே திருப்பி வாசிக்கும் சாம்பிளராக்கிவிட்டேன். டெமோவில் அவ்வப்போது இரைச்சல் குறுக்கிட்டதால், ரெக்கார்டிங்குக்காகவே காசு கட்டி வாங்கினேன். சாம்பிளில் ஃபில்டர் கைக்கு அசையாது, அது ஒரு இழப்புதான். வைட்டலை வீட்டில் புது ஒலி செய்ய மட்டும் திறக்கிறேன்.

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போகிறேன், முழு 14 பிட் பெண்ட் (அந்த 16,384 படியும்) அனுப்புகிற கீபோர்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. யாராவது பெங்களூரில் வைத்திருந்தால் எழுதுங்கள், நேரில் வந்து அந்த ரிஷபத்தை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறேன்.