காடுன்னா எந்தக் காடு?

சேலத்துக் கிராமங்களில் "அப்பா எங்கே?" என்று கேட்டால் "காட்டுக்குப் போயிருக்காரு" என்பார்கள். போயிருப்பது மேட்டு நிலத்துக்கு, சோளத்துக்குக் களை வெட்ட. எங்கள் பேச்சில் காடு என்றால் முதலில் மானாவாரி நிலம்தான். சோளக்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு என்போம், மொத்தச் சொத்தையும் சொல்வதென்றால் காடுகரை என்போம். அப்போ மரம் அடர்ந்த காட்டுக்கு? அதற்குப் பாரஸ்ட்டு. ஏற்காடு அடிவாரத்தில் வனத்துறை பலகை 'காப்புக்காடு' என்று சொன்னாலும் ஆடு மேய்க்கிறவர்கள் "பாரஸ்ட்டுக்குள்ள ஓட்டாதே" என்றுதான் குரல் கொடுப்பார்கள்.

அடிவாரத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்த ஒருவர் என்னிடம் சொன்னது இது: "காட்டுப்பன்னி எறங்கி காட்டையே அழிச்சிருச்சு." ஒரே வாக்கியத்தில் இரண்டு காடு. பன்றி வந்தது ஒரு காட்டிலிருந்து, தோண்டிப் போட்டது இன்னொரு காட்டை, கேட்கிற யாருக்கும் குழப்பமே இல்லை. அந்த வாக்கியம் மனதிலேயே நின்றுவிட்டது.

சேலத்தில் இதை ஆராய வெளியூர் போக வேண்டியதில்லை, தறி ஓடுகிற தெருக்களில் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழிகள். காட்டுப்பன்றியைக் கன்னடக்காரர்கள் 'காடு ஹந்தி' என்கிறார்கள். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, அதே வழியில் பன்றி ஹந்தி. மலையாளத்தில் 'காட்டுபன்னி', நம் பேச்சேதான். தெலுங்கில் மட்டும் 'அடவி பந்தி'. பன்றி இருக்கிறது, காட்டைக் காணோம், அந்த இடத்தில் வடமொழியிலிருந்து வந்த அடவி உட்கார்ந்திருக்கிறது.

தெலுங்கு காட்டைத் தொலைத்துவிட்டதா என்றால் இல்லை. அங்கே 'வல்லகாடு' என்றால் சுடுகாடு. அரிச்சந்திரன் மயானம் காத்தானே, அவனைக் 'காட்டி காபரி' என்பார்கள், காட்டுக்குக் காவல்காரன். பழைய அகராதிகளில் காடு என்பதற்கு மரக்காட்டுப் பொருளும் இருக்கிறது, ஆனால் பேச்சில் மிஞ்சியது பிணம் எரிக்கிற இடம்தான்.

நமக்கும் அது புதிதில்லை. சுடுகாடு, இடுகாடு, எரித்த பிறகு செய்கிற காடாத்து. "வீடு போ போங்குது, காடு வா வாங்குது" என்று வயதானவர்கள் சொல்வது மரக்காட்டையும் அல்ல, சோளக்காட்டையும் அல்ல. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டில் கண்ட சிவன் ஆடுவதும் பேய்கள் உலவுகிற சுடுகாட்டில்தான். கன்னடத்திலும் மலையாளத்திலும் சுடுகாடு என்ற சொல் கிட்டத்தட்ட இதே உருவில் இருக்கிறது.

மரக்காடு, விளைகிற காடு, எரிக்கிற காடு. மூன்றுக்கும் பொதுவாக மரத்தைத் தேடினால் கிடைக்காது. மூன்றுமே ஊருக்கு வெளியே இருப்பவை. ஊர் என்ற சொல்லும் நான்கு மொழியிலும் உண்டு, அந்த ஊர் முடிகிற இடத்தில் தொடங்குவதுதான் காடு என்பது என் கணிப்பு. கன்னடத்தில் 'காடுமேடு', மலையாளத்தில் 'காடும் மேடும்', நாம் காடு மேடெல்லாம் அலைந்தோம் என்கிறோம், எல்லாமே ஊரை விட்டு வெளியே போன அலைச்சல்தான். மலையாளத்தில் பேச்சு விஷயத்தை விட்டு எங்கோ போனால் 'காடு கயறி' என்பார்கள், இதுவும் அந்த வெளிதான் என்று எனக்குப் படுகிறது.

விளைநிலம் எப்படிக் காடு ஆனது என்பதற்குத் தொல்காப்பியமே வழிகாட்டுகிறது. முல்லையை அது 'காடுறை உலகம்' என்கிறது, அந்த முல்லையில்தான் மழையை நம்பி வரகும் சாமையும் விளைந்தன. பட்டினப்பாலை கரிகாலனை 'காடு கொன்று நாடாக்கி' என்று பாடும். எங்கள் பக்கம் மரத்தை வெட்டினார்கள், பெயரை வெட்டவில்லை. சேலத்து மலைகளில் ஏர் ஓடுகிற நிலம் உழவுக்காடு, சரிவில் கொத்தி விதைக்கிற நிலம் கொத்துக்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று ஊரில் சொல்கிறார்கள், 1820களில் காப்பி வந்து, அப்புறம் நிழலுக்கு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் நட்டு, அதில் மிளகுக்கொடி ஏற்றிய பிறகு, அங்கே பாதி இடம் இரண்டு பொருளிலும் காடுதான்.

சரி, கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் விளைநிலத்தை என்னவென்று சொல்கிறார்கள்? கன்னடத்தில் 'ஹொல', தெலுங்கில் 'பொலம்'. பன்றி ஹந்தி ஆன கதையை நினைவில் வைத்தால் இரண்டும் ஒன்றுதான், நம் 'புலம்'. சங்கத் தமிழில் புலம் என்றால் விளைநிலமும்தான். அதை அவர்கள் தினமும் பேசுகிறார்கள், நமக்குப் 'புலம்பெயர்ந்த' என்கிற மாதிரி சில சொற்களில்தான் மிச்சம். அப்புறம் சிட்டாவிலும் இருக்கிறது. எங்கள் காட்டுச் சிட்டாவை எடுத்துப் பாருங்கள், 'புல எண்' என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள்.