காரணம்: வெளிச்சம் போதவில்லை

எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் பாதி பாடப்புத்தகத்தில் வந்தது, மீதி மூட்டுவலியில் வந்தது. கொரியாவில் நான் வேலை பார்த்த ஆலையில், பாகங்களில் குறை பார்க்கும் எங்கள் பரிசோதனை மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இடைவேளையில் மிக்ஸ் காபியைக் கலக்கிக்கொண்டே பேசுவதெல்லாம் உடம்பைப் பற்றித்தான். குளிர் ஏறி வலித்தால் ஷிரிதா, குத்தி வலித்தால் சுஷிதா, மரத்துப்போனால் ஜொரிதா. தோளைத் தூக்க முடியவில்லை என்றால் அது ஓஷிப்க்யொன், ஐம்பது வயதுத் தோள். இளைஞர்களுக்கு அங்கங்கே எட்டிப்பார்க்கும் நரை சேச்சி. வயதானால் அதே முடி ஹின்மொரி. டோபிக் என்ற கொரிய மொழிப் பரீட்சையில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

அவர்கள் எதையும் குரல் தாழ்த்திச் சொன்னதில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு கேங்ன்யொன்கி என்று பெயர். மூத்த யொசானிம் ஒரு நாள் வேலை உத்தரவுத் தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டே, மகன் வயதுள்ள என்னிடம் அதை விளக்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அந்தப் பத்து வருடத்தையும் 'உடம்பு சரியில்லை' என்ற இரண்டே வார்த்தையில் ஓட்டியவர். (யொசானிம் என்பது ஆலைகளில் வயதான பெண் தொழிலாளர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். என்னை அவர்கள் தேரினிம் என்பார்கள். என் பதவிதான் என் பெயர்.)

அது 2023. ஜூன் 28 முதல் கொரியாவில் சட்டப்படி எல்லோருக்கும் வயது குறைந்தது. பிறந்ததுமே ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் ஒரு வயது என்று எண்ணிவந்த பழைய கணக்கை விட்டு, பிறந்தநாள் கணக்குக்கு மாறினார்கள். மூத்த யொசானிம் முந்தின நாள் வரை அறுபது, அன்று காலை ஐம்பத்தெட்டு. "அரசாங்கம் ரெண்டு வருஷம் தள்ளுபடி கொடுத்திருக்கு. ஆனா என் முழங்காலுக்கு யாரும் சொல்லலை போல" என்றார். மேசையே சிரித்தது. உண்மையில் அந்தத் தள்ளுபடியால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. ஓய்வு வயது 60 என்பது முன்பிருந்தே பிறந்தநாள் கணக்குத்தான். அறுபதுக்குப் பிறகு வேண்டுமானால் வருட ஒப்பந்தத்தில் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்றால் இல்லை. யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற பேச்சு அந்தக் கோடையிலேயே தொடங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் உல்சான் நகரத்து வாடிக்கையாளரிடமிருந்து புகாராக ஒரு புகைப்படம் வந்தது. அலுமினிய உறையில், சீல் உட்காரும் பரப்பில், மயிரிழைக் கீறல். பெட்டியில் மூத்த யொசானிமின் பரிசோதனை எண் இருந்தது. மறுநாளைக்குள் திருத்த நடவடிக்கை அறிக்கை போக வேண்டும், எழுத வேண்டியவன் நான்.

காபி இயந்திரத்தின் முன்னால் குவாஜங் என்னைப் பிடித்தார். குவாஜங் என்றால் பிரிவுத் தலைவர். கோப்பையை எடுத்துக்கொண்டே, "அவங்க நோஆன் இல்ல?" என்றார்.

நோஆன் என்றால் வெள்ளெழுத்து. ஊரில் சாளேசரம் என்போமே, அது. ஆனால் வயதுக்கு மீறி முதிர்ந்து தெரியும் முகத்துக்கும் அங்கே நோஆன் என்றுதான் சொல்வார்கள். ஒலி ஒன்று, சீன எழுத்து வேறு. 'நோஆன் வந்துவிட்டதா' என்று கேட்டால் கண். வெறுமனே 'நோஆன்' என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இதைக்கூட அந்த மேசையில்தான் கற்றேன். கற்றுக்கொடுத்தவர் மூத்த யொசானிமேதான், மருந்து அட்டையைக் கை நீட்டித் தூரப் பிடித்துக் காட்டி.

நான் சொன்ன பதில்: "இல்லையே, அவங்க தோங்ஆன்தானே." தோங்ஆன் என்றால் குழந்தை முகம், இளமையாகத் தெரிபவர். குவாஜங் சிரித்தார். கோப்பையோடு போய்விட்டார்.

இந்த அரை நிமிடத்தைத்தான் இன்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புரியாமல் சொன்னேனா? இல்லை, கண்ணைத்தான் கேட்கிறார் என்று புரிந்துதான் சொன்னேன். ஆனால் அரைகுறையாகப் பேசும் வெளிநாட்டுக்காரன் என்ற சலுகை எனக்கு எப்போதும் இருந்தது. என் பதில் கோணலாக வந்தால் மொழி தெரியாதவன் என்று விட்டுவிடுவார்கள், மறைக்கிறான் என்று நினைக்க மாட்டார்கள். ஒரு கொரியனுக்கு அந்தக் கதவு கிடையாது. எனக்கு இருந்தது, நுழைந்துவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதான் பல நாள் நினைத்தேன். இடைவேளையில் என்னை நம்பிச் சொன்னதை நான் எப்படி மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன்?

சரி, அறிக்கை. காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமே. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை எடுத்துப் போய் மேசையை அளந்தேன். நடுவில் 620, அவர் உட்காரும் ஓரத்தில் 480. கொரியப் பாதுகாப்பு விதியில் நுண்ணிய வேலைக்கு 300 லக்ஸ் போதும், மிக நுண்ணிய வேலைக்கு 750 வேண்டும். மயிரிழைக் கீறலைத் தேடுவது இதில் எந்த வகை? அதுவரை 300-க்குள் இருந்த அந்த வேலையை அன்று மாலை நான் 750-க்கு மாற்றினேன். கட்டத்தில் 'வெளிச்சம் போதவில்லை' என்று எழுதினேன். நடவடிக்கை: எல்இடி விளக்குகள், 1,000 லக்ஸ். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாகத்தில் நான் இருந்தவரை மறுபடி புகார் வரவில்லை.

பொய் எழுதினேன் என்று யாராவது சொன்னால் வாதாடுவேன். வயதானால் கண்ணின் வில்லை கெட்டியாகிறது, பாவை சுருங்குகிறது, அதே பொருளைப் பார்க்க இளைஞனைவிட அதிக வெளிச்சம் வேண்டியிருக்கிறது. விளக்கைக் கூட்டியது அவருடைய கண்ணுக்கே செய்த வைத்தியம். கண் என்று எழுதியிருந்தால் ஆளை மாற்றியிருப்பார்கள். விளக்கு என்று எழுதியதால் விளக்கை மாற்றினார்கள். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

யொசானிமுக்கு அப்படி இருக்கவில்லை. புது விளக்கு வந்த வாரம், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தேரினிம், விளக்குன்னா எழுதினீங்க? நோஆன்னு எழுதியிருக்கலாமே."

உங்கள் ஒப்பந்தத்துக்குப் பாதகம் வருமோ என்று இழுத்தேன்.

"ஐகோ" என்றார். "நாப்பத்தஞ்சுக்கு மேல எல்லாருக்கும் வர்றது. இதுல மறைக்க என்ன இருக்கு?" அப்புறம் லாக்கரைத் திறந்து காட்டினார். தொட்பொகி உள்ளே இருந்தது, வாசிக்கும் கண்ணாடி. ஏர் கன் அடிக்கும் இடம் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட முடியாது, போட்டால் ஆவி படிகிறது. அதனால் தொட்பொகியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறார். பவர் வைத்த பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தால் போதும். ஐந்து முறை 'ஏன்' என்று கேட்கச் சொல்லித்தான் அந்தப் படிவமே இருக்கிறது. அவரிடம் போய் ஒரு முறைகூட நான் கேட்கவில்லை, மீட்டரைத்தான் கேட்டேன்.

ஆனால் இதையும் முழுசாக நம்ப முடியவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை என்று மேசையில் சொல்வது வேறு, அறிக்கையில் அச்சாவது வேறு. கண்ணாடிக்குக் காசு கேட்கப் போன இடத்தில் வயதைப் பற்றிய பேச்சு வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அவருடைய தைரியம் அவருக்குக் கடைசியில் உதவியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. என் கூச்சம் உதவியதா என்றும் தெரியாது. அவருக்கு அறுபது நிறையும் முன்பே நான் வேறு ஊருக்கு மாறிவிட்டேன். இங்கே வந்த பிறகு, மறைப்பதுதான் மரியாதை என்பதை எங்கே படித்தேன் என்று யோசித்தேன். அந்த மேசையில் நிச்சயமாக இல்லை.

சமீபத்தில், அங்கே கூட வேலை பார்த்த கொரிய நண்பனிடம் பேசும்போது இதை முழுக்கச் சொன்னேன். கண்ணை மறைத்துக் காப்பாற்றியதை, விளக்கை, லாக்கரை. அவன் குவாஜங்கின் வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். "அந்த ஆளா? முகத்தைத்தான் சொல்லியிருப்பான். யாரைப் பார்த்தாலும் அவனுக்கு அந்தப் பேச்சுதான்" என்றான்.

புகார் வந்த நாளில் முகத்தைப் பற்றி யார் பேசுவார்கள் என்றேன். அவன்தான் பேசுவான் என்றான்.

அப்படியென்றால் நான் சொன்னது நேரான பதில். உண்மையும்கூட. அந்த முகத்தைப் பார்த்து ஐம்பதுக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள்.