ஒற்றைப் பையும் குறள் வெண்பாவும்: கொழும்பு–புத்தளம் சைக்கிள் குறிப்புகள்

கரியரின் இரண்டு பக்கமும் தொங்கிய பெரிய பைகளைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. புத்தளம் போய்வர இப்போது ஒரே பை. கரியருக்கு மேலே வைத்து, பழைய ரியூப்பை வெட்டிய வாரால் இறுக்கிக் கட்டுகிறேன். கடையில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக்கை விட இது நல்லது. குழியில் விழுந்தாலும் நழுவாது, காசும் இல்லை.

சைக்கிள் 2022 இல் வாங்கியது. பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய்க் கொழும்பில் கனபேர் சைக்கிள் தேடி அலைந்த காலம். கடைக்காரர் சொன்னதுதான் விலை. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து வரிசை குறைந்ததும் வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுச் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் படிக்கட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு நீர்கொழும்புப் பக்கம் போகத் தொடங்கினேன்.

பைக்குள் மிஞ்சியவை: மாற்றுடுப்பு ஒரு சோடி, ஒரு சாரம், சவர்க்காரக் கட்டி ஒன்று (தலைக்கும் உடுப்புக்கும் அதுவேதான்), மாற்று ரியூப், ஒட்டுச் சாமான், ஸ்பனர், கைப்பம், செயின் எண்ணெய். சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்றடியில் குளிக்க அதுதான் மறைப்பு. பிழிந்து உதறிக் கொடியில் போட்டால் இரவுக்குள் காய்ந்து போர்வையாகிவிடும். நுளம்பு வந்தால் கால் நுனிவரை இழுத்து மூடலாம். மத்தியானம் தென்னந்தோப்பில் கண்ணயர விரிப்பும் அதுவே. மெல்லிய படுக்கைப் பை, விரைவில் காயும் துவாய் என்று வெளிநாட்டுக்காரர் விலை கொடுத்து வாங்குவதையெல்லாம் எங்கள் ஆட்கள் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பார்கள். இந்தப் பாதையில் அது அவ்வளவாகச் செல்லாது. ஏ3 வீதி பேலியகொடையிலிருந்து புத்தளம் வரை கடற்கரையை ஒட்டிச் சமதரையில் ஓடுகிறது. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்டிக்கு மிதிப்பவர் ஒவ்வொரு கிலோவையும் நிறுத்துப் பார்க்கட்டும், சிலாபம் போகிறவருக்கு எதிரி காற்றுத்தான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: முகத்தில் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பானால் தடை 4 மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொழும்பிலிருந்து வடக்கே போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பி வரும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை.

சாமான் குறைந்ததன் பலன் பின்னேரத்தில்தான் தெரிந்தது. முன்பெல்லாம் தங்குமிடம் சேர்ந்ததும் பைகளைக் கொட்டி, தேடி, சார்ஜ் போட்டு, திரும்ப அடுக்கி முடிக்கப் பொழுது இருட்டிவிடும். இப்போது உப்புக் காற்றில் நனைந்த செயினைப் பழந்துணியால் துடைத்து எண்ணெய் விட்டு, குளித்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இருட்டுவதற்கு முன்னால் சும்மா இருக்க நேரம் கிடைக்கிறது.

அந்த நேரத்துக்கென்று முதலில் நீர்வண்ணப் பெட்டி கொண்டுபோனேன். கடற்கரை ஈரப்பதனில் தாள் காய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். காயாத படத்தைப் பையில் வைக்கவும் முடியாது. தவிர, நல்ல காட்சி வருகிற இடத்தில்தான் கால் சூடேறி நன்றாக மிதித்துக்கொண்டிருப்பேன், இறங்க மனம் வராது. பெட்டியும் பரணுக்குப் போனது. அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்பில் படித்த யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், நினைவுக்கு வந்தது. வெண்பாவுக்குக் கை வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், பையில் இடமும் வேண்டாம். குறள் வெண்பா என்றால் இரண்டடி, ஏழே சீர் (சொல்லளவான துண்டு); எதுகையும் (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) மோனையும் (முதலெழுத்து ஒன்றுவது) பிடித்துக்கொள்வதால் எழுதாமலே நினைவில் நிற்கும். நாலடி வெண்பா எனக்கு ஒத்துவரவில்லை, மூன்றாம் அடி வருவதற்குள் ஒரு லொறி வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நீர்கொழும்பு தாண்டும்வரை கவிதை கிடையாது. பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற இடத்தில் தளை (சீரும் சீரும் சேரும் கட்டு) பார்த்துக்கொண்டிருந்தால் தலை போய்விடும். நான் வத்தளையில் ஹெந்தளைப் பக்கம் இறங்கி, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம வழியாகக் கால்வாயை ஒட்டிப் போய்விடுவேன். அது ஆங்கிலேயர் 1802–1804 காலத்தில் வெட்டிய ஹமில்டன் கால்வாய். ஊர்வாயில் டச்சுக் கால்வாய்.

இந்தக் குறள் புத்தளத்திலிருந்து திரும்பும்போது, பாலாவி உப்பளங்களைத் தாண்டுகையில் வந்தது:

உப்பளக் காற்றை உதைத்து மிதிக்கையில்
ஒப்பிலாப் பாரம் உடல்.

முதலில் வந்த சொல் ‘எதிர்த்து’. தளை சரி, பொருளும் சரி, ஆனால் உப்பளத்துக்கு மோனை கிடைக்கவில்லை. முந்தல் வரை அதையே வாயில் போட்டு மென்றேன். ‘உதைத்து’ வந்ததும் மோனை விழுந்தது, மிதிக்கிற காலுக்கும் பொருத்தமாகிவிட்டது. ஈற்றில் உண்மையாக வைக்க ஆசைப்பட்டது ‘கால்’. வலித்தது அதுதான். ஆனால் ‘பாரம்’ தேமா, அதாவது நேர் நேர் என்று இரண்டு அசை. மாவில் முடியும் சீருக்கு அடுத்து நிரை (ஒற்று நீங்க இரண்டெழுத்து அசை) வர வேண்டும், ‘கால்’ நேர் (ஒற்று நீங்க ஓரெழுத்து அசை). யாப்பு என் காலை ஏற்கவில்லை, முழு உடம்பையும் கேட்டது. கூட வந்த நண்பனிடம் சொல்லிக் காட்டினேன். உயர்தரத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவன் அவன். ஒரு வாய் செவ்விளநீர் குடித்துவிட்டுச் சொன்னான்: “மச்சான், ‘வயிறு’ எண்டு போட்டாலும் தளை தட்டாது. நேற்று ராத்திரி நீ சாப்பிட்ட கொத்து ரொட்டிக்கு அதுதான் பொருத்தம்.” வெண்பாவின் கடைசிச் சீருக்கான வாய்பாடுகளில் அது ‘பிறப்பு’, சரியாகத்தான் இருக்கிறது. மோனை போய்விடும் என்று சொல்லித் தப்பினேன்.

இப்போது வழியில் வரும் பெயர்ப்பலகைகளையெல்லாம் அலகிட்டு, அதாவது அசை பிரித்து எந்த வாய்பாடு என்று, பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சிலாபம் புளிமா. புத்தளம் கூவிளம். மாரவில கூவிளங்காய், எங்கே வைத்தாலும் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். பேலியகொடை கூவிளங்கனி, கனிச்சீர் வெண்பாவுக்குள் நுழையாது. அந்தச் சந்தியில் காலை எட்டு மணிக்கு மாட்டிக்கொண்டவர் யாரும் இதற்காக வருத்தப்பட மாட்டார்கள்.

எழுதி வைப்பதற்கென்று கொஞ்சம் தபாலட்டைகள் கொண்டுபோகிறேன். இரவில் ஒரு குறளை எழுதி, காலையில் வழியில் வருகிற தபாற்கந்தோரில் வவுனியாவிலுள்ள அக்காவுக்குப் போட்டுவிடுவேன். போகிற வழியில் பை கனக்காது. ஒவ்வொன்றுக்கும் அக்கா தொலைபேசியில் தீர்ப்புச் சொல்வா. ‘உடல்’ குறளுக்கு வந்த தீர்ப்பு: “கவிதை இருக்கட்டும், நீ முதல்ல வெயில்ல ஓடுறதை விடு.”

இப்போது கையில் இருப்பது ஒரு ஈற்றடி மட்டும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக உள்ள தமிழ்க் கிராமம் உடப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பெயர்போனது. அந்தப் பெயர் ‘பிறப்பு’ வாய்பாட்டில் அச்சொட்டாக உட்காருகிறது, வெண்பாவை முடிக்கவென்றே வைத்த பெயர் போல. ‘உப்பு மணக்கும் உடப்பு’ என்று முடித்துவிட்டேன். முதலடிக்கு ‘ப்’ எதுகை வேண்டும். ‘கப்பல்’ என்று தொடங்கினால் அங்கே நிற்பவை வள்ளங்கள், கப்பல் அல்ல. ‘அப்பம்’ என்று தொடங்கலாம். அங்கே அப்பக்கடை இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு முன் பின் ரயர் மாற்ற வேண்டும்.